இருநூற்று ஐம்பத்தாறு மில்லிமீட்டர்

ஃபீல்ட்ஸ் மலை இறக்கத்தில்
இரண்டாவது வளைவுக்குள் பிரேக் மிதி பஞ்சானது.
பாதம் தரைவரை போயிற்று.
சூடேறிய இரும்பின் வாடை
எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.
இரண்டாம் கியரும் கைபிரேக்கும் சேர்ந்து
பைன்டவுனுக்கு மேலே புல்லில் தள்ளின.
ஹில்க்ரெஸ்டில் இரவுப்பணி முடித்த சீருடையோடு
அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
எண்பத்தொன்பதாம் வருடத்து வெள்ளை கோல்ஃப்.
விற்றால் ஒரு நல்ல ஃபிரிட்ஜ்கூட வராது.

கராஜ்காரன் எட்டாயிரம் ரேண்ட் என்றான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
சீட்டு எடுத்த பணம் கையில் இரண்டாயிரத்து நூறு.

இதே குடும்பத்தில் பின்னால் பிறந்த வண்டிகளுக்குத்
தட்டு பெரிது, நடுவே காற்றுப் போக வழி உண்டு.
அண்ணன் போட்ட சட்டை தம்பிக்கு வரும்.
இங்கே தம்பியின் சட்டையைத்தான்
அண்ணனுக்குப் பிரித்துத் தைக்கவேண்டும்.

ஜேக்கப்ஸில் உடைத்த கார்களின் முற்றம்.
பெக்கானி மூன்றாம் கோல்ஃப் ஒன்றைக் காட்டினான்.
முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை,
விளக்கிரண்டும் துடைத்துவைத்தாற்போல.
பின்பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை.
பின்சீட் முன்சீட்டின் முதுகில் ஏறிக் கிடந்தது.
"இது நின்றது," என்றான்,
"லாரி நிற்கவில்லை."
தட்டு, காலிப்பர், தாங்கி, மாஸ்டர் சிலிண்டர்:
ஆயிரத்து நானூறு.
பேரம் பேசக் கூசியது.
கூசிக்கொண்டே பேசினேன். ஆயிரத்து நூறு.

சனிக்கிழமை சாட்ஸ்வொர்த்தில், வீட்டு முன்வழியில்,
துருவேறிய இரண்டு போல்ட்டுக்கு
நாலு மணி நேரம், ஒரு நகம்.
சுவருக்கு மேல் தலையை வைத்து
படையாச்சி அவ்வப்போது "அம்மோய்" என்றார்,
உதவிக்கு வரவில்லை.
எல்லாம் பொருந்தியபின் சக்கரம் ஏறவில்லை.
பதிமூன்று அங்குல ரிம்
காலிப்பரில் முட்டி நின்றது, ஒரு விரற்கடை.
விரற்கடையும் காசுதான்.

மறுபடி ஜேக்கப்ஸ்.
அதே வண்டியின் முன் ரிம் இரண்டு,
பின்னிரண்டும் நசுங்கியிருந்ததால்
வேறெதிலிருந்தோ ஒரு ஜோடி.
இப்போது என் காருக்கு
முன்னால் ஒரு ஜாடை, பின்னால் ஒரு ஜாடை.
சீட்டுப் பணத்தில் மிச்சம் அறுபது ரேண்ட்,
அது பிரேக் எண்ணெய்க்குப் போனது.

காற்றை வெளியேற்ற மிதிக்க ஒரு கால் வேண்டும்.
ஞாயிற்றுக்கிழமை கெரிஷாவை அழைத்துப்போக வந்த
குபேந்திரனை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன்.
நான் இடது பின்சக்கரத்துக்குக் கீழே
குழாயும் ஜாம் பாட்டிலுமாகப் படுத்திருந்தேன்.
அழுத்து.
பிடி.
விடு.
அழுத்து. பிடி. விடு.
குழாயில் குமிழிகள் இறங்கி இறங்கி ஓய்ந்தன.
பதினோரு வருடக் கல்யாணத்தில்
நான் சொன்னதைச் சொன்னபடி அவன் செய்தது
அந்த நாற்பது நிமிடம்.
"இறுகிடுச்சு," என்றான், காரை.
போகும்போது கையைத் துடைக்கத்
துணி கேட்டான், கொடுத்தேன்.

திங்கள் விடியற்காலை அதே மலை.
அடிவாரத்தில் சிவப்பு விளக்கு.
தொட்டேன்.
மூக்கைக் குனிந்து நின்றது வண்டி,
கோட்டுக்கு ஒரு முழம் முன்னால்.
சிரித்தேன், சத்தமாகவே.
அப்புறம் கண் தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று.
ஒரு மினிபஸ் டாக்சி
பெரிதாகி, பெரிதாகி,
ஓட்டுகிறவனின் கம்பளித் தொப்பி தெரியுமளவு பெரிதாகி
நின்றது.
அவன் ஒரு கையைத் தூக்கிக் காட்டினான்.
வணக்கமா, வசவா, தெரியவில்லை.

அன்றிலிருந்து
நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே
மிதியை லேசாகத் தொடுகிறேன்.
வேகம் குறைக்க இல்லை,
பின்விளக்கு சிவக்க.